அமெரிக்க அரசாங்கம்: ஓட்டு இல்லாதவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை

கேள்வி: எச்1பி வேலை விசாவில் புதிதாக வந்திருக்கிறோம், மனைவிக்கு அதைச் சார்ந்த எச்4. செய்தியில் ஹவுஸ், செனட், கவர்னர், கவுன்ட்டி என்று ஓடுகிறது. எது யார் கையில் இருக்கிறது என்று பிடிபடவில்லை. ஓட்டே இல்லாத எங்களுக்கு இதெல்லாம் தேவைதானா?

முதல் பதில்:

கட்டாயம் தேவை. உங்கள் விசா ஒருவர் கையில், லைசென்ஸ் இன்னொருவர் கையில், பிள்ளையின் பள்ளி மூன்றாமவர் கையில் இருக்கிறது. தவறான கதவைத் தட்டினால் மாதக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

முதலில், நம் ஊரில் கேட்டுப் பழகிய சில சொற்களுக்கு இங்கே வேறு பொருள். கவர்னர் என்றால் டெல்லி நியமிக்கும் ஆளுநர் இல்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், கிட்டத்தட்ட நம் முதலமைச்சர் மாதிரி. 'செக்ரட்டரி' ஐஏஎஸ் செயலாளர் இல்லை, அமைச்சர். அதிலும் 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' வாஷிங்டனில் வெளியுறவு அமைச்சர். பெரும்பாலான மாநிலங்களில் அதே பதவிப் பெயருள்ள மாநில அதிகாரிதான் தேர்தலைக் கவனிக்கிறார். இல்லினாயிலும் மிச்சிகனிலும் டிரைவிங் லைசென்ஸே அவர் அலுவலகத்தில்தான். காங்கிரஸ் என்பது கட்சி இல்லை, ஹவுஸ், செனட் என்ற இரு சபைகள் கொண்ட நாடாளுமன்றம்.

நம் பிரதமரைப் போல அதிபர் நாடாளுமன்றத்திலிருந்து வருபவர் இல்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரைக் கவிழ்க்க முடியாது, அவராலும் சபையைக் கலைக்க முடியாது. ஹவுஸில் 435 பேர், இரண்டு வருடப் பதவி. செனட்டில் 100 பேர், ஆறு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் தேர்தலைச் சந்திப்பார்கள். அதிபர் ஒரு கட்சி, சபை இன்னொரு கட்சி என்பது இங்கே சாதாரணம்.

இதனால்தான் 'கிரீன் கார்டு மசோதா பாஸாகிவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வருவதை உடனே நம்பாதீர்கள். வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பை நீக்கும் மசோதா ஹவுஸில் 2019 ஜூலையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. செனட் 2020 டிசம்பரில் அதை மாற்றங்களோடு நிறைவேற்றியது. ஆனால் இரு சபைகளும் ஒரே வாசகத்தை ஏற்றால்தான் அது அதிபரிடம் போகும். ஒத்துப்போவதற்குள் 2021 ஜனவரி 3-ஆம் தேதி அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது, மசோதாவும் காலாவதியானது. பழையபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் மசோதா பற்றிய செய்தி வந்தால் மூன்று விஷயம் பாருங்கள்: எந்தச் சபை, அதே வாசகமா, அதிபர் கையெழுத்திட்டாரா. செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குக் கொண்டுபோகவே 60 பேர் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அதிபரின் உத்தரவு வேறு வகை. 2025 செப்டம்பர் 19-இல் வந்த எச்1பி 1,00,000 டாலர் கட்டண அறிவிப்புக்குக் காங்கிரஸ் ஓட்டுப் போடவில்லை. இரண்டே நாளில் அமலுக்கு வந்தது. இப்படிப்பட்ட உத்தரவை நீதிமன்றம் தடுக்கலாம், அடுத்த அதிபர் ஒரு கையெழுத்தில் ரத்தும் செய்யலாம். வேகமாக வருவது வேகமாகவும் மாறும். முழு வாசகத்தையும் படிக்காமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.

அரசு நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அதற்குள் காங்கிரஸ் பணம் ஒதுக்காவிட்டால் 'ஷட்டவுன்', அதாவது அரசு வேலைகள் பல நின்றுபோகும். 2025-இல் 43 நாள் நீடித்தது. குடியேற்றத் துறை பெரும்பாலும் விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுவதால் அங்கே வேலை தொடர்ந்தது. ஆனால் எச்1பிக்கு முன்படியான எல்சிஏவை (சம்பளம், வேலை நிலைமை பற்றிக் கம்பெனி தரும் உறுதிமொழிக்கான ஒப்புதல்) தரும் தொழிலாளர் துறை அக்டோபர் இறுதி வரை அதைக் கையில் எடுக்கவில்லை. எல்சிஏ இல்லாமல் கம்பெனி மாறும் மனு போட முடியாது. சாதாரண நாளில் அது ஏழு வேலைநாள் வேலை. அக்டோபரில் வேலை மாறுவதாக இருந்தால், செப்டம்பர் முதல் பாதியிலேயே எல்சிஏ போடும்படி புதிய கம்பெனியிடம் கேளுங்கள்.

உள்ளூர் அடுக்குகளைப் புரிந்துகொள்ள டெக்சஸின் ஒரு சொத்து வரி பில் போதும். மாநில வருமான வரி அங்கே இல்லை; பில்லில் கவுன்ட்டிக்கு (கிட்டத்தட்ட நம் மாவட்டம் மாதிரி) ஒரு வரி, சிட்டிக்கு ஒரு வரி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஒரு வரி. பொதுவாகப் பள்ளியின் பங்குதான் பெரியது. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டைத் தனி அரசாங்கமாகவே நினைத்துக்கொள்ளுங்கள்: தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டு, தன் சொந்த வரி. பஸ், பள்ளி எல்லை மாற்றம் போன்ற எதுவானாலும் மேயரிடம் போய்ப் பயனில்லை. போர்டு கூட்டம் எல்லோருக்கும் திறந்தது. முன்பே பெயர் கொடுத்தால் பல ஊர்களில் இரண்டு மூன்று நிமிடம் பேச விடுவார்கள், குடியுரிமை கேட்பதில்லை.

இரண்டாவது பதில்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் புதிதாக வருபவர்களை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடிய ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 1993 சட்டப்படி பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே வாக்காளர் பதிவும் சேர்ந்து வருகிறது. கவுன்ட்டரில் வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே போவார்கள். 'எஸ்' சொல்லிப் பழகிய வாய் இதற்கும் 'எஸ்' சொல்லிவிடும். அமெரிக்கக் குடிமகனா என்றால் 'நோ', வாக்காளராகப் பதிவு செய்யவா என்றாலும் 'நோ'. கையெழுத்துப் போடும்முன் திரையில் அந்த இரண்டு கட்டங்களையும் கண்ணால் பாருங்கள். வேலையில் சேரும்போது நிரப்பும் ஐ-9 படிவத்திலும் 'குடிமகன்' கட்டத்தில் கை பட்டுவிடக் கூடாது. குடிமகன் என்று பொய்யாகச் சொல்வது 1996 சட்டத்துக்குப் பின் கிரீன் கார்டையே அடைத்துவிடும் குற்றம். தெரியாமல் நடந்தது என்ற வாதம் எளிதில் எடுபடாது.

தவறிப்போய் வாக்காளர் அட்டை தபாலில் வந்துவிட்டால், எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டுப் போடாதீர்கள். முதலில் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள், பிறகு அவர் சொல்கிறபடி தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிப் பெயரை நீக்கி, போன கடிதம், வந்த பதில் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் 'எப்போதாவது பதிவு செய்தீர்களா' என்றே கேட்பார்கள்.

நீதிமன்ற வழக்கில் ஜூரியாக உட்கார அழைக்கும் 'ஜூரி டியூட்டி' கடிதம் வந்தால் குப்பையில் போடாமல், 'குடிமகன் அல்ல' என்று குறித்துத் திருப்பி அனுப்புங்கள். தேர்தல் நன்கொடையும் கூடாது. எச்1பி, எச்4, மாணவர் விசாவான எஃப்1 யாரும் எந்த மட்டத் தேர்தலுக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்க முடியாது; கிரீன் கார்டுக்காரர்கள் கொடுக்கலாம். தெரிந்த நம்மவர் ஒருவர் போட்டியிடுகிறார் என்று விருந்துக்கு அழைத்து டிக்கெட் விற்றால், அந்த டிக்கெட்டும் நன்கொடைதான்.

கேள்வி: குடியேற்றத் துறையில் விண்ணப்பம் மாட்டிக்கொண்டால் நம் தொகுதி ஹவுஸ் உறுப்பினரிடம் போகலாமா? ஓட்டுப் போடாதவர்களைக் கண்டுகொள்வார்களா?

முதல் பதில் எழுதியவர்:

போகலாம். தொகுதியில் குடியிருந்தால் போதும். ஹவுஸின் இணையதளத்தில் உங்கள் ஜிப் கோடைப் போட்டால் பெயர் வரும். சில ஜிப் கோடுகள் இரண்டு தொகுதிகளில் விழும், அப்போது முழு முகவரி கேட்கும். உறுப்பினரின் தளத்தில் 'ஏஜென்சியுடன் உதவி' என்ற பகுதியில் தகவல் வெளியிட ஒப்புதல் படிவம் இருக்கும். விண்ணப்பதாரர் கையெழுத்திட்ட அந்தப் படிவம் இல்லாமல் அலுவலகம் துறையிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்க முடியாது. எச்1பி மனுவில் விண்ணப்பதாரர் கம்பெனிதான் என்பதால் கம்பெனியின் கையெழுத்து வேண்டும். எச்4 வேலை அனுமதி என்றால் மனைவியின் கையெழுத்து. ரசீது எண், போட்ட தேதி, வந்த கடிதங்களின் நகல், ஐந்தாறு வரியில் பிரச்சினை, இவ்வளவு போதும்.

துறை வெளியிட்டிருக்கும் வழக்கமான கால அளவைத் தாண்டிய பிறகு கேட்டால்தான் பலன் இருக்கும். உறுப்பினர் அலுவலகத்தார் உங்கள் கோப்பைத் துறை தேடிப் பார்க்க வைப்பார்கள்; முடிவை மாற்றவோ, கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் முன்னுரிமைத் தேதியை முன்னால் நகர்த்தவோ அவர்களால் முடியாது. இரு செனட்டர்களுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் எழுதாதீர்கள். ஒரே கேள்வி மூன்று இடத்திலிருந்து போனால் யார் பதில் சொல்வது என்ற குழப்பத்தில் தாமதம்தான் கூடும்.