கதவில் நெளிவு: கொழும்பிலேயே எடுப்பதா, நுவரெலியா போய் எடுப்பதா?

ஆக்ஸியோ_165:
வெள்ளவத்தை ஒழுங்கையில நிண்ட காரை ஓட்டோ ஒண்டு இடிச்சுப்போட்டுது. இடப்பக்கப் பின்கதவில உள்ளங்கை அளவு குழி, பெயின்ட் வெடிக்கேல்ல. பின் பம்பரின்ர மூலையும் உள்ளுக்குப் போயிட்டுது. அடுத்த மாதம் வேலைமாற்றம், நுவரெலியாவுக்கு. ஹெயார் ட்ரையரால சூடாக்கிப்போட்டு, கம்ப்யூட்டர் தூசு ஊதுற காத்து டின்னைத் தலைகீழாப் பிடிச்சு அடிச்சா குழி தானா வெளிய வருமாம், குளிர் ஊரில இன்னும் சுகமாம் எண்டு வீடியோக்களில காட்டுறாங்கள். மெய்யோ? ஆர் செய்தா நல்லம், எங்க செய்தா நல்லம்?

டிங்கரிங்_தாத்தா:
தம்பி, ரெண்டையும் இஞ்சையே முடிச்சுப்போட்டு மேல போங்கோ. குளிர் இந்த வேலைக்கு எதிரி.

அந்த டின் வித்தையைக் கணக்குப் போட்டுப் பாருங்கோ. இரும்புத்தகடு ஒரு பாகைக்கு ஒரு மீட்டரில 0.012 மில்லிமீட்டர்தான் விரியும். உங்கட குழி 10 சென்டிமீட்டர் எண்டா, 60 பாகை சூடேத்தினாலும் விரியிறது 0.07 மில்லிமீட்டர். மெல்லிசா, மடிப்பில்லாம உள்வாங்கின குழி சிலவேளை "டொக்" எண்டு திரும்பும், அவ்வளவுதான். விளிம்பில மடிப்பு விழுந்தது அசையாது. தலைகீழா அடிக்கேக்க வாறது காத்தில்லை, −25 பாகை அளவில கொதிக்கிற திரவம். சூடான பெயின்டில அது பட்டா மேல்பூச்சு மயிர் போல வெடிக்கும், கையில பட்டா தோலும் போகும்.

பம்பர் வேற கதை, அது பிளாஸ்டிக். மத்தியான வெயிலில காரை ஒரு மணித்தியாலம் விடுங்கோ. ரெண்டு மூண்டு கேத்தில் கொதிதண்ணியை குழியிலயும் அதைச் சுத்தியும் மெதுவா ஊத்துங்கோ. கையுறை போட்டுக்கொண்டு சில்லுப் பக்கத்து லைனரை (பிளாஸ்டிக் மறைப்பை) கழட்டி, உள்ளுக்கிருந்து உள்ளங்கையால தள்ளுங்கோ, விரல் நுனியால தள்ளினா முட்டு விழும். வெளிய வந்ததும் பிடிச்சுக்கொண்டே பச்சைத்தண்ணி ஊத்தினா அப்பிடியே இறுகும். ரிவர்ஸ் சென்சர் வயரை முதல்ல கழட்டிவிடுங்கோ. நுவரெலியாக் குளிரில இதே பம்பரைத் தள்ளினா பெயின்ட் பொளபொளவெண்டு உதிரும்.

கம்பி_வேலை:
கதவுக்கு பெயின்ட் அடிக்காமல் கம்பியால் தள்ளி எடுக்கும் வேலைதான் சரி. செய்பவரிடம் விடுங்கள், ஆனால் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்திருங்கள்.

உட்பலகையைக் கழற்றும்போது கைப்பிடிக்குப் பின்னாலும் கைதாங்கியிலும் உள்ள திருகாணிகளை முதலில் எடுக்க வேண்டும், பிறகுதான் கிளிப். உடைந்தால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிளிப் வாங்கலாம். உள்ளே கறுப்புப் பசையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அதைத் திரும்ப ஒழுங்காக ஒட்டாவிட்டால் அடுத்த மழையில் கால்விரிப்பு நனையும், பலர் கண்ணாடி ரப்பரைக் குறை சொல்வார்கள்.

தகட்டைத் தொட்டால் இதமாகச் சுடும் அளவுக்கு, சுமார் 40 பாகைக்கு, சூடாக்க வேண்டும். பிறகு வரிவிளக்கின் பிரதிபலிப்பைப் பார்த்தபடி குழியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்னத் தள்ளல்கள். நடுவில் ஒரே அமுக்காக அமுக்கினால் முகடு எழும்பும், சுற்றிலும் குழி அப்படியே நிற்கும். கதவுக்குள் இருக்கும் மோதல் தாங்கிக் குழாய் கம்பியை மறித்தால் வெளியிலிருந்து பசைத் துண்டால் இழுப்பார்கள். குளிர்ந்த தகட்டில் அந்தச் சூட்டுப்பசை பிடிக்குமுன்னே இறுகிக் கழன்றுவிடும். கொழும்பு வெயில் இங்கே உதவி.

பலர் மறப்பது கடைசி வேலை: கம்பி உரசிய இடத்தில் உள்பூச்சு போயிருக்கும். துரு அங்கேயிருந்துதான் வரும். உட்பலகையை மூடுமுன் மெழுகு ஸ்பிரே அடிக்கச் சொல்லுங்கள், கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைக்காமல்.

ஆக்ஸியோ_165:
நன்றி. ஒரு கராஜில பட்டி (குழியை நிரப்பி இறுகிற பசை) வைச்சு முழுக்கதவுக்கும் பெயின்ட் அடிக்கவேணும் எண்டாங்கள்.

டிங்கரிங்_தாத்தா:
வெடிக்காத கம்பனிப் பெயின்டைச் சுரண்டவே விடாதேங்கோ.

முதல்ல ஒரு காந்தத்தைத் துணியில சுத்தி கதவு முழுக்க வைச்சுப் பாருங்கோ. இஞ்ச வர முதல் ஜப்பானில ஓடேக்கையே பட்டி வைச்ச கதவெண்டா அந்த இடத்தில பிடி தளரும், அதில பசை இழுவை போட்டா பெயின்ட் தாளோட வரும். (பிரியஸ்காரர் பதறவேண்டாம்: 2ஆம், 3ஆம் தலைமுறை பிரியஸ் போனட் அலுமினியம், காந்தம் பிடிக்காது.)

பெயின்ட் வெடிச்ச இடமெண்டாத்தான் பட்டி. முடிவில 3 மில்லிமீட்டருக்கு மேல நிக்கக்கூடாது. 100 கிராம் பட்டிக்கு ஹார்ட்னர் (அதை இறுக வைக்கிறது) 2 கிராம். கெதியாக் காயட்டும் எண்டு கூடப் போட்டா பெயின்டுக்கு மேலால கறை ஊறும். பட்டியைத் தண்ணி போட்டு உரசவிடாதேங்கோ. பஞ்சு மாதிரிக் குடிச்சு வைச்சிருந்து, பிறகு கொப்பளமாத் துப்பும். 80, பிறகு 180 நம்பர் உரசுதாளால தண்ணியில்லாம உரசி, அண்டைக்கே ப்ரைமர் அடிக்கவேணும், முக்கியமா மரைன் டிரைவ் உப்புக்காத்துப் படுற இடங்களில. 15 பாகைக்குக் கீழ பட்டி ஒழுங்காய் இறுகாது, பனிமூட்டத்தில அடிச்ச மேல்பூச்சு வெளிறும். நுவரெலியாவில திறந்த கொட்டிலில பெயின்ட் அடிக்கிறது காசுக்குக் கேடு.

ஸ்காபரோ_பனி:
கனடாவிலிருந்து: இங்கே மாரியில் −20 பாகையில் வெளியே யாரும் நெளிவு எடுப்பதில்லை, சூடாக்கிய கொட்டகைக்குள் காரைப் பலமணி நேரம் விட்டபிறகுதான் கம்பி தொடுவார்கள். நெளிவுகளில் ஒரு பங்கு எங்கள் கையாலேயே வருகிறது: போனட்டில் உறைந்த பனியைச் சவளால் தட்டுவது. நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி விடியலில் துகள்பனி படிந்தால் தட்டவோ கொதிதண்ணி ஊற்றவோ வேண்டாம், கண்ணாடி வெடிக்கும். எஞ்சினைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

கம்பி_வேலை:
நுவரெலியாவில் கார் மூடியை ஈரக் காரின் மேல் போடாதீர்கள், காற்றில் உரசி மேல்பூச்சு மங்கும். யூக்கலிப்டஸ், சைப்ரஸ் மரத்தடியும் வேண்டாம், காற்றுக்குக் கிளை விழும். இங்கே தென்னைக்குச் சொல்லும் புத்திதான். சரிவில் நிறுத்தினால் கதவைக் கையில் பிடித்துத் திறக்கப் பழகுங்கள், விட்டால் தானாக ஓடிப் பக்கத்துக் காரில் மோதும். விளிம்புக்கு ரப்பர் பட்டை போடலாம். மழையில் அழுக்கைப் பிடித்து வைத்திருக்கும், இடைக்கிடை கழற்றிக் கழுவ வேண்டும்.