கல்லில் இல்லாத எழுத்தை அச்சிடலாமா?

நெய்தல்:
கிரேக்கக் கல்வெட்டுத் தொகுப்புகளில் உடைந்த பகுதியைப் பதிப்பாசிரியரே நிரப்பிச் சதுர அடைப்புக்குள் போடுகிறார். 1931-இல் நெதர்லாந்தின் லெய்டனில் வகுத்த நெறி அது. ஆனால் அந்த வரி வரலாற்று நூலுக்குப் போய்ச் சேரும்போது அடைப்பு உதிர்ந்துவிடுகிறது, ஊகம் சான்றாகிவிடுகிறது. அச்சிடும் மூலபாடத்தில் கல்லில் உள்ளது மட்டும் இருக்கட்டும், மற்றவை அடிக்குறிப்புக்குப் போகட்டும்.

கல்மொழி:
ஏற்க முடியவில்லை. ஏதென்ஸ் ஆணைகள் பலவும் கட்டம் போட்டதுபோல் எழுத்தின் கீழ் எழுத்தாக வெட்டப்பட்டவை. வரிக்கு எத்தனை எழுத்து என்று தெரிந்தால், அழிந்தவை எத்தனை என்றும் எண்ணிவிடலாம். ‘மன்றமும் மக்களும் தீர்மானித்தனர்’ என்ற தொடக்கம் கல்லுக்குக் கல் வருகிறது. அதில் பாதி உடைந்திருந்தால் மீதியை எழுதுவது ஊகமா? வெறும் புள்ளிகளை அச்சிட்டால் துறைக்கு வெளியே யார் படிப்பார்கள்?

நெய்தல்:
வாய்பாட்டுத் தொடருக்குச் சரி. ஆட்பெயருக்கு? சிசிலியின் எகெஸ்டாவோடு ஏதென்ஸ் செய்த உடன்படிக்கைக் கல்லையே பாருங்கள். அந்த ஆண்டின் ஆர்க்கோன் (யார் பெயரால் ஆண்டு குறிக்கப்படுமோ அந்த அதிகாரி) பெயரில் ஐயமில்லாதவை கடைசி இரண்டு எழுத்துகள்தாம். மூன்று கோடுகளால் எழுதிய சிக்மா (கிரேக்க ‘ஸ்’ எழுத்து) கி.மு. 446-க்குப் பின் வராது என்று நம்பிய பலர், ஹாப்ரோன் என்று நிரப்பிக் கி.மு. 458-இல் வைத்தார்கள். வரலாற்றாய்வாளர் ஹெரால்டு மாட்டிங்லி அந்த விதியையே பல ஆண்டுகள் எதிர்த்தார், செவிகொடுத்தவர் சிலரே. 1990-இல் லேசர் ஒளியில் படமெடுத்து ஆராய்ந்தவர்கள் ஆன்டிஃபோன் என்று படித்தார்கள். அது கி.மு. 418! சிசிலிப் படையெடுப்புக்கு மூன்றே ஆண்டு முன்பு. நாற்பது ஆண்டு வரலாறு இடம் மாறுகிறது.

கல்மொழி:
அங்கே பிழை செய்தது அடைப்பு அல்ல, எழுத்து வடிவத்தை வைத்துக் காலம் கணித்த விதி. இரு தரப்பும் துணிந்து ஒரு பெயரைச் சொன்னதால்தான் அந்த மங்கிய இடத்தைத் திரும்பத் திரும்பக் கூர்ந்து பார்த்தார்கள்.

பழஞ்சுவடி:
இந்தச் சண்டை தொகுப்புப் பணியோடு பிறந்தது. 1815-இல் பெர்லின் அறிவியல் கழகத்தில் அதைத் தொடங்கிய ஆகஸ்ட் பெக், பெரும்பாலும் பயணிகள் எழுதிவந்த படிகளைத்தான் நம்பினார். முதல் பகுதி 1825-இல் வந்ததும் கிரேக்க மொழி அறிஞர் கோட்ஃபிரீட் ஹெர்மன் கடுமையாகத் தாக்கினார். ஆனால் பிரெஞ்சுப் பயணி ஃபூர்மோன் படியெடுத்துக் கொண்டுவந்த ஸ்பார்ட்டாக் கல்வெட்டுகள் சில போலி என்று மேசையில் இருந்தபடியே நிறுவியவரும் பெக்தான். என் கோரிக்கை இது: ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடித்து எடுக்கும் படியின் படத்தைப் பாடத்தோடு சேர்த்தே வெளியிடுங்கள்.

நெய்தல்:
படம் கட்டாயம் வேண்டும். ஆனாலும் இணையத் தரவுத்தளத்தில் ஒரு சொல்லைத் தேடினால், கல்லில் உள்ளதும் நிரப்பியதும் ஒரே பட்டியலில் கலந்து வருகின்றன. அவசரத்தில் எண்ணுபவர் எந்தப் படத்தைத் திறந்து பார்ப்பார்?

கல்மொழி:
தேடலில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். பாடத்திலிருந்து நீக்க மட்டும் சம்மதிக்க மாட்டேன்.