அவசரம்: பேங்க் மாற்றியும் பழைய கணக்கில் காசு பிடிக்கிறார்கள்

புதூர்க்காரன்
ஆபீசில் புது சம்பளக் கணக்கு கொடுத்துவிட்டார்கள். பழைய பேங்க் கார்டைக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டாச்சு. அப்படியும் மாசா மாசம் பணம் போகிறது, அபராதம் வேறு. எப்படி நிறுத்துவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்கரை
எதற்குப் பணம் போகிறது? டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா? கணக்கை மூடியாச்சா?

ஜில்ஜில்மதுரை
சந்தேகமே வேண்டாம், யூபிஐ ஆட்டோபே. ஆப்பில் போய் ரத்து செய்யுங்கள். எனக்கும் இதேதான் நடந்தது.

மேலூர் மாப்ளே
கார்டை வெட்டினால் பேங்குக்கு எப்படித் தெரியும் தம்பி? பிளாக் பண்ணுங்க. எல்லாம் நின்றுவிடும்.

ஓய்வுபெற்ற கேஷியர்
எல்லாம் நிற்காது. கார்டு மேண்டேட் (கார்டில் தானாகப் பிடிக்கக் கொடுத்த அனுமதி) வேறு, நாச் (கணக்கிலிருந்தே நேராகப் பிடிக்கக் கொடுத்த அனுமதி) வேறு என்று இங்கே எத்தனை தடவை எழுதுவது? பழைய இழைகளைத் தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது. கார்டில் கொடுத்த அனுமதி கார்டோடு போகும். நாச் கணக்கு எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும், கார்டை எரித்தாலும் அதற்குக் கவலையில்லை. ஸ்டேட்மெண்டில் அந்த வரியில் என்ன போட்டிருக்கிறது? அதைச் சொல்லாமல் ஆளாளுக்கு ஜோசியம்.

புதூர்க்காரன்
டெபிட் கார்டுதான். மூடவில்லை. படம் பார்க்கிற ஆப் 199, அதில் 'எஸ்ஐ' என்று இருக்கிறது. இன்னொன்று மாசா மாசம் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிற எஸ்ஐபி 2,000, அது 'ஏசிஎச்'. போன மாதம் பேலன்ஸ் இல்லாமல் எஸ்ஐபி திரும்பி, 250 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடித்தார்கள். மெசேஜ் எதுவும் வரவில்லை.

வைகைக்கரை
வராமல் இருக்காதே. 'எஸ்ஐ' என்றால் கார்டில் கொடுத்த அனுமதி, 'ஏசிஎச்' என்றால் நாச். 2021 அக்டோபர் 1 முதல் கார்டில் தானாகப் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னாடியே பேங்க் சொல்லியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 வரை ஓடிபி கேட்காது, ஆனால் அறிவிப்பு வரும். அதிலேயே வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்கும். பேங்கில் எந்த நம்பர் கொடுத்திருக்கிறீர்கள்?

வாடிப்பட்டி வேலு
அப்ப பாஸ்டேக் ரீசார்ஜுக்கு மட்டும் எனக்கு ஏன் வருவதில்லை?

ஓய்வுபெற்ற கேஷியர்
2024 ஆகஸ்டில் அதற்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பேலன்ஸ் எப்போது குறையும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாள் காத்திருந்தால் டோலில் நிற்க வேண்டியதுதான்.

மேலூர் மாப்ளே
டோலே வேண்டாம் என்கிறேன். பக்கத்து ஊருக்குப் போய் வரக் காசா?

வாடிப்பட்டி வேலு
ரோடு மட்டும் பளபளவென்று வேண்டுமாக்கும்! உள்ளூர்க்காரனுக்கு மாசப் பாஸ் இருக்கில்ல?

மேலூர் மாப்ளே
அந்தப் பாஸையும் காசு கொடுத்துத்தானே அண்ணே வாங்கணும்!

வைகைக்கரை
டோலுக்கு வேறு இழை போடுங்கப்பா. புதூர்க்காரரே, நம்பர்?

புதூர்க்காரன்
காலேஜில் திறந்த கணக்கு. அப்பா நம்பர்.

ஜில்ஜில்மதுரை
அப்பாகூட யூபிஐ வைத்திருக்கலாமே…

வைகைக்கரை
அண்ணே, அந்த வரியிலேயே 'எஸ்ஐ' என்று இருக்கிறதே, விடுங்க. தம்பி, அப்பா போனில் மெசேஜைப் பாருங்கள். நெட்பேங்கிங்கில் கார்டு மேண்டேட் பகுதியில் ரத்து கொடுத்தால் அவருக்கு ஓடிபி போகும், அவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஆப்பில் புதுக் கார்டைப் போடுங்கள். பழைய கார்டைக் கடைசியில் பிளாக் பண்ணலாம். எஸ்ஐபிக்கு, ஃபண்ட் பக்கத்தில் புதுக் கணக்கைச் சேர்த்து மேண்டேட் போடணும், பதிவாகச் சில நாள் ஆகும். அதுவரை பழைய கணக்கில் 2,000 இருக்கட்டும், இல்லையென்றால் இன்னொரு 250.

ஓய்வுபெற்ற கேஷியர்
அதற்கப்புறம்தான் கணக்கை மூடுவது. ஃபண்டை விற்றால் பணம் எந்தக் கணக்குக்கு வரும் என்பதையும் மாற்றிக்கொள்ளட்டும். இதை யாரும் சொல்ல மாட்டீர்கள்.

புதூர்க்காரன்
199 நின்றுவிட்டது. அப்பா போனில் மெசேஜ் பெட்டி நிறைந்து கிடந்தது, அழித்த பிறகுதான் ஓடிபி வந்தது. நன்றி.

வைகைக்கரை
எஸ்ஐபி? 2,000 போட்டாச்சா?

மேலூர் மாப்ளே
ஆளைக் காணோம். வேலு அண்ணே, அந்த மாசப் பாஸ் எவ்வளவு?