சீலியாக் குழந்தைக்குத் தயிரும் பழைய சோறும் போதுமா?

பாளை அம்மா:
என் மகளுக்கு நாலு வயசு. எந்நேரமும் வயிறு உப்பலாக இருக்கிறது, எடை ஏறவே இல்லை, ரத்தச்சோகை வேறு. டாக்டர் டிடிஜி என்ற எதிர்ப்புப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார், அளவு ரொம்பக் கூடுதல், கோதுமையில் உள்ள புரதத்தால் சிறுகுடல் புண்ணாகும் சீலியாக் நோயாக இருக்கலாம், எண்டோஸ்கோப்பி பார்த்துவிடலாம் என்கிறார். வீட்டில் அத்தையோ, சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுத்துத்தான் வயிற்றில் இருந்த நல்ல பாக்டீரியா செத்துப்போச்சு, பழைய சோறும் தயிரும் கொடு, தானா சரியாகும் என்கிறார்கள். அப்படி ஒரு தொடர்பு உண்டா? கோதுமையை இன்றைக்கே நிறுத்திவிடட்டுமா?

லேப் தம்பி:
அக்கா, எண்டோஸ்கோப்பி முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீங்க. நிறுத்தினால் குடல் ஆற ஆரம்பித்து, டிடிஜியும் இறங்கி, பயாப்ஸியில், அதாவது குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனையில், ஒன்றும் தெரியாமல் போய்விடலாம். அப்புறம் பிள்ளைக்கு மறுபடியும் கோதுமை கொடுத்துப் பார்க்க வேண்டிவரும், அது பெரிய பாடு.

தென்காசி மைக்ரோபயாலஜி:
தொடர்பு இருக்கிறது, ஆனால் அத்தை சொல்கிற மாதிரி நேராக இல்லை. இந்த நோய்க்கு ஹெச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 மரபணு வேண்டும், கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதமும் வேண்டும். 2016-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் அந்த மரபணு வடக்கே 38 சதவீதம், தெற்கே 36 சதவீதம் பேரிடம் இருந்தது. ஏறக்குறைய ஒன்றுதான். நோய்க்கான எதிர்ப்புப்பொருளோ வடக்கே 1.23, தெற்கே 0.10 சதவீதம். அவர்கள் தினமும் சப்பாத்தி, நாம் சோறு. ஆனால் மரபணு இருந்து கோதுமையும் தின்கிறவர்களிலும் சிலருக்குத்தானே நோய் வருகிறது, அங்கேதான் குடல் பாக்டீரியாவைச் சந்தேகிக்கிறார்கள். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குளூட்டனை உடைக்கும் விதத்தில் வரும் துண்டுகள் நோய் எதிர்ப்பு செல்களை இன்னும் கிளப்பிவிடுகின்றன, தயிர் வகை லாக்டோபாசிலஸ் அந்தத் துண்டுகளை மேலும் சிதைத்து வீரியத்தைக் குறைக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். சீலியாக் பிள்ளைகள் பலரிடம் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல பாக்டீரியா குறைவு என்பதும் உண்மை, ஆனால் குடல் புண்ணானதால் அது குறைந்ததா, குறைந்ததால் நோய் வந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை. தயிர் தாராளமாகக் கொடுங்கள், பழைய சோறும் அருமையான சாப்பாடுதான். ஆனால் நோய் உறுதியானால் கோதுமை, பார்லி இரண்டும் ஆயுசுக்கும் கூடாது, அதற்கு ஈடாக நல்ல பாக்டீரியா தரும் எந்த புரோபயாடிக்கும் கிடையாது. ஆன்டிபயாடிக் கொடுத்தோமே என்று உங்களை நீங்களே நோகடித்துக்கொள்ள வேண்டாம், அது தேவைப்பட்டுத்தானே கொடுத்தீங்க.

அம்பை மதினி:
என் மகனுக்கும் இதுதான்மா, இப்போ நல்லா ஓடி விளையாடுறான். இட்லி, இடியாப்பம், உளுந்தங்களி, சொதி, கூட்டாஞ்சோறு எதற்கும் தடையில்லை, நம்ம ஊர் சாப்பாட்டில் முக்கால்வாசி அரிசியும் உளுந்தும்தானே. அல்வாவும் புரோட்டாவும்தான் போச்சு, பார்லி மால்ட் பவுடரும்தான். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்க, கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், சாம்பார் ரசம் எல்லாவற்றிலும் அது போகிறது. சப்பாத்தி சுட்ட கல்லில் அவளுக்குத் தோசை ஊற்றாதீங்க, தனிக்கல் வாங்கிடுங்க.

லேப் தம்பி:
மதினி சொன்னது அத்தனையும் சரி, ஆனால் எண்டோஸ்கோப்பிக்கு அப்புறம்தான். நோய் உறுதியானால் கூடப்பிறந்த பிள்ளைகளுக்கும் உங்கள் இருவருக்கும் டிடிஜி பாருங்க அக்கா, மொத்த ஐஜிஏவும் சேர்த்துக் கேளுங்க, டிடிஜி பரிசோதனை தேடுவது அந்த வகை எதிர்ப்புப்பொருளைத்தான். ஐஜிஏ குறைவாக உள்ளவர்களுக்கு நோய் இருந்தாலும் டிடிஜி நார்மல் என்றே வந்துவிடலாம்.