சிங்கப்பூரின் முன்னாள் அதிபர் எஸ்.ஆர். நாதனை நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்

பாசிர்ரிஸ் குமரன்

2009 என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஈஸ்ட் கோஸ்ட் பார்க். நாதன் ஐயா அங்கே நடக்க வருவார் என்பது அந்தப் பக்கம் ஓடுகிற எல்லோருக்கும் தெரியும்.

என் அப்பா புக்கோம் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஃபிட்டர். 1974 ஜனவரி 31 அன்று வேலையில் இருந்தார். லாஜு கதை உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆலையில் குண்டு வைக்க வந்த நால்வர், அவர்கள் கடத்திய 'லாஜு' படகு, நாள் கணக்கில் பேச்சுவார்த்தை. அப்புறம் அவர்களுடைய ஆட்கள் குவைத்தில் ஜப்பானியத் தூதரகத்தையே பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஜப்பான் அனுப்பிய விமானத்தில் அந்த நால்வரையும் குவைத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. கூடவே உத்தரவாதமாக நம் அதிகாரிகளும் ஏறினார்கள். மொத்தம் 13 பேர், தலைமை நாதன். அப்போது அவர் தற்காப்பு அமைச்சில் பாதுகாப்பு, உளவுப் பிரிவின் இயக்குநர். வயது 49.

எங்கள் வீட்டில் அப்பா அரசியல் பேசவே மாட்டார். நாதன் பெயர் வந்தால் மட்டும், "அவர் அந்த பிளேன்ல ஏறினார்டா" என்பார். அதோடு சரி.

அன்றைக்கு எதிரே வந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். 'ஐயா, எங்க அப்பா புக்கோம்ல இருந்தாரு' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாய் நிறையத் தண்ணீர். விழுங்கி எழுவதற்குள் கடந்துவிட்டார். பின்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பாதுகாவலர்கள் இருந்தார்கள், கூச்சமாக இருந்தது. இன்றும் அந்தப் பெஞ்சைத் தாண்டும்போது தொண்டையில் ஏதோ நிற்கிறது.

தேன்மொழி, ஈசூன்

நான் அவரை உயிரோடு பார்த்ததில்லை. 2016 ஆகஸ்ட் 25, நாடாளுமன்றக் கட்டடத்தில் அஞ்சலிக்கு வைத்திருந்தபோது அம்மாவை அழைத்துப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. 80களில் நாதன் இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராக இருந்தவர். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் அம்மா தொண்டு செய்த காலமும் அதுதான்.

வரிசை மெல்ல நகர்ந்து உள்ளே போனோம். பெட்டி மேல் தேசியக் கொடி, சுற்றிலும் தலை குனிந்து நிற்கிற அதிகாரிகள். எங்களுக்கு முன்னால் ஒரு சீனப் பெரியவர் மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தார். அம்மா சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டார். "அம்மா, இது கோயில் இல்லை" என்று காதில் சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு நின்று கும்பிட்டார். நான் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

மக்கள் தேர்ந்தெடுத்த தலைவருக்கு மக்கள் கொடுத்த மரியாதை அது.

செந்தில்_வாட்டர்லூ

தேன்மொழி அக்கா, உங்கள் அம்மாவின் மரியாதையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 'மக்கள் தேர்ந்தெடுத்த' என்பது சரியில்லை. 1999, 2005 அதிபர் தேர்தல்களில் போட்டியே இல்லை. போட்டியிடத் தேவையான தகுதிச் சான்றிதழ் மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. 12 ஆண்டுகள் அதிபராக இருந்தவருக்கு ஒருவர்கூட வாக்களித்ததில்லை.

எனக்கு இது சொந்த விஷயம். 2005இல் எனக்கு 23 வயது. அதுவரை வாக்களித்ததே இல்லை. ஆகஸ்ட் 17 வேட்புமனு நாள். மதியம் கேன்டீனில் மீ கோரெங் தட்டோடு நின்றுகொண்டு தொலைக்காட்சியில் செய்தி பார்த்தேன். முடிந்துவிட்டது, அவர்தான் அதிபர் என்றார்கள். நான் அவருக்குத்தான் வாக்களிக்க இருந்தேன்! அதுதான் இன்னும் வலிக்கிறது. அவரை நானே தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்க வேண்டும்.

ஜூ கியாட் ராஜா

செந்தில் தம்பி, நீங்கள் சொல்கிற கணக்கு சரி. ஆனால் அந்த மனிதரை அதிபர் பதவியிலிருந்து பார்க்க ஆரம்பித்தால் பாதிதான் தெரியும். எட்டு வயதில் தகப்பனை இழந்து, பள்ளியை விட்டு, வீட்டை விட்டே ஓடி மலாயாவில் இருக்கிற மூவாருக்குப் போனவர். அஞ்சல் வழியில் படித்து, பல்கலைக்கழகத்தில் டிப்ளோமா வாங்கியது 1954இல், 30 வயதில். அதன் பிறகு முதல் வேலை சிங்கப்பூரில் மருத்துவச் சமூகப் பணியாளர். அப்புறம் கப்பல் மாலுமிகளுக்கு நல அதிகாரி, 1962இலிருந்து தொழிற்சங்கங்களுக்கான ஆய்வுப் பிரிவு. வெளியுறவு அமைச்சுக்கு வந்ததே 1966இல்தான். நிரந்தரச் செயலாளர், நாளிதழ் நிறுவனத் தலைவர், கோலாலம்பூரில் தூதர், வாஷிங்டனில் தூதர் எல்லாம் அதற்குப் பின்னால். அதிபரானபோது 75 வயது. எந்தக் கட்சி மேடையிலும் வளர்ந்தவர் இல்லை, கோப்புகளில் வளர்ந்தவர்.

என் சந்திப்பு சின்னது. அதிபர் மாளிகையான இஸ்தானாவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள், என் மகன் கையில் ஐஸ்கிரீம் ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்கக் கைக்குட்டை தேடுவதற்குள் அந்தக் கையையே பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

குமரன், உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அப்பா இருந்தால் அந்த நாள் கதையை இன்றைக்கே பதிவு செய்யுங்கள். கைப்பேசி போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் சத்தம்தான் குரலை விழுங்கும். 'என்ன நடந்தது' என்று மொத்தமாகக் கேட்காதீர்கள், பெரியவர்கள் இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு படகு ஏறினீர்கள், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டது, வீட்டுக்கு எப்படித் தகவல் சொன்னீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு நாளைக்கு அரை மணிநேரம், அதற்கு மேல் வேண்டாம். தமிழிலேயே பேசட்டும். தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்று நிலையம் இருக்கிறது, அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அதிகாரிகளின் கதை எப்படியும் புத்தகத்தில் வந்துவிடும். ஃபிட்டரின் கதையை நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

தேன்மொழி, ஈசூன்

செந்தில், சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று அந்த வரிசைக்கு யாரும் எங்களை அழைத்து வரவில்லை. மறுநாள் இறுதிச்சடங்கில், பல ஊர் மண்ணைக் குழைத்துப் பொம்மை செய்கிற அந்தத் தமிழ்ப் பாட்டை ஒலிக்கவிட்டார்களே, பார்த்தீர்களா? தொலைக்காட்சியில் அது கேட்டதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பாசிர்ரிஸ் குமரன்

ராஜா அண்ணே, அப்பா 2012இல் போய்விட்டார். நீங்கள் சொன்ன கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். அன்று காலை இடியப்பம். அம்மா சொன்னது.

இன்னொன்று நானே பார்த்தது. கூசுத் தீவுக்குப் போனாலும் உபினுக்குப் போனாலும் அப்பா படகின் உள்ளே வந்து உட்கார மாட்டார். மழை பெய்தாலும் வெளியே, ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வருவார்.