ஒரே பெயரில் இரண்டு பிராஞ்ச்: கிட்டில் பெயர்களைச் சீர்செய்த அனுபவம்

கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கம் செய்யும் சின்னக் குழு எங்களுடையது. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் கோப்புக்கு ஒரு பிராஞ்ச் (தனி வேலைக் கிளை), பெயரும் தமிழில்தான். போன மாதம் சர்வரில் 'கோப்பு-மேலாளர்' என்று இரண்டு பிராஞ்ச்கள் நின்றன. ஒன்றில் என் மூன்று நாள் வேலை, மற்றதில் குழுவில் உள்ள தம்பி ஒருவருடைய வேலை. பெயரைத் தட்டினால் என்னுடையது மட்டும் திறக்கும். அவருடையதற்குப் போகப் பெயரைக் காப்பி எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது.

பைட் பைட்டாகப் பிரித்தபோதுதான் பிடிபட்டது. என் 'கோ' 6 பைட், அவருடையது 9. என்னுடையதில் ஓகாரக் குறி ஒரே குறியீடு. அவருடையதில் இரட்டைக்கொம்பு தனி, துணைக்கால் தனி. எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோட் தரம் இரண்டையும் சமம் என்கிறது. ஆனால் லினக்ஸில் கிட்டுக்கு பிராஞ்ச் பெயர் வெறும் பைட் வரிசை; பைட் வேறானால் பெயரும் வேறு.

தம்பியின் பழைய மேக்கில் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறை. அது கோப்புப் பெயர்களைப் பிரித்தே வைக்கும். அந்தப் பட்டியலை அப்படியே லினக்ஸ் சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுத்திருக்கிறார். மேக்கிலேயே கிட் கட்டளை கொடுத்திருந்தால் கிட்டின் 'பிரீகம்போஸ் யூனிகோட்' அமைப்பு பிரிந்த குறிகளைச் சேர்த்துவிட்டிருக்கும். 2012இல் வந்த 1.7.12 பதிப்பிலிருந்து அது உண்டு.

பெயரை என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளைச் சேர்த்தெழுதும் யூனிகோட் வடிவம்) மாற்றும் ஒரு வரியை ஸ்கிரிப்ட்டில் சேர்த்தேன். வேறு வடிவில் புஷ் (சர்வருக்கு அனுப்புவது) வந்தால் மறுக்க சர்வரில் ஒரு ஹூக், அதாவது தானே ஓடும் ஸ்கிரிப்ட். சர்வரே சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளட்டுமே என்று சிலர் கேட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தான் அனுப்பிய பெயர் அங்கே இல்லையென்றால் அனுப்பியவர் எங்கே போய்த் தேடுவார்?

மறுமொழி:
அண்ணா, எங்களுக்குப் பெயர்ச் சிக்கல் ஸ்லாஷில் ( / ) வந்தது. ஸ்கிரிப்ட் பெயர்களை ஒட்டும்போது நடுவில் இரண்டு ஸ்லாஷ் விழ, கிட் மறுத்துவிட்டது. பெயர் செல்லுமா என்று பார்க்கும் 'செக்-ரெஃப்-ஃபார்மட்' கட்டளையை 'நார்மலைஸ்' சேர்த்து ஓட்டினேன், சரியானது. அப்புறம் 'மெயின்' என்ற பெயரிலேயே அது தோற்றது! ஸ்லாஷே இல்லாத பெயருக்கு 'அலவ்-ஒன்லெவல்' என்றும் சொல்ல வேண்டுமாம். 'நார்மலைஸ்' முன்னால் நிற்கும் ஸ்லாஷை நீக்கும், அடுத்தடுத்து வருவதை ஒன்றாக்கும், அவ்வளவுதான். இடைவெளி, இரட்டைப் புள்ளி, கடைசியில் '.லாக்' எதையும் திருத்தாது, செல்லாது என்று மட்டும் சொல்லும். ஒரு நாள் முழுக்க இதில் போனது.

மறுமொழி:
விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மட்டும் வேறான இரண்டு பிராஞ்ச்களை ஃபெட்ச் செய்து (சர்வரிலிருந்து எடுத்து) பாருங்கள். கிட் வழக்கமாக ரெஃப் (பிராஞ்ச் போன்ற பெயர்) ஒன்றுக்கு ஒரு கோப்பு வைக்கும்; அங்கே இரண்டுக்கும் கோப்பு ஒன்றே, ஒன்றின் மேல் இன்னொன்று எழுதும். சர்வரில் ஒன்றை நீக்கி, எங்கள் பக்கம் புரூன் (சர்வரில் இல்லாததைக் கழிப்பது) செய்தோம். ரெஃப்களைத் தனித்தனிக் கோப்பாக வைக்காமல் சேமிக்கும், 2024இல் 2.45 பதிப்பில் வந்த ரெஃப்டேபிளில் இந்தத் தொல்லை இல்லை.

தொடங்கியவர்:
முதல் மறுமொழி எழுதிய தம்பிக்கு நன்றி, ஸ்லாஷ் விஷயம் எனக்குப் புதிது. இன்று காலை இன்னொன்று கிடைத்தது. 'மௌனம்' என்ற பெயரில் ஒருவர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் 'ள'வும் தட்டியிருக்கிறார். என்எஃப்சி இதைத் தொடாது. தேடிப் பிடித்து மறுக்கலாம் என்றால், 'மெள்ள' என்ற நல்ல சொல்லும் அதே வரிசையில்தான் தொடங்குகிறது. அந்த பிராஞ்சை மட்டும் கையால் பெயர் மாற்றினேன்.