புழு மனைக்குச் சுடுதண்ணீர் லைன்: ஒரு அறை சூடு கேட்டால் இரண்டு பம்பும் ஓடுகிறது

தளி மல்பெரி:
வணக்கம். தேன்கனிக்கோட்டை தாலுகாவில் பட்டுப்புழு வளர்க்கிறேன். மார்கழிக் குளிருக்கு இத்தனை வருஷம் கரி அடுப்புதான். புகை புழுவுக்கும் ஆகாது, எனக்கும் ஓயாத இருமல். அதனால் மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து பழைய கேஸ் பாய்லரும் இரண்டு சின்ன பம்பும் வாங்கினேன். சாக்கி அறைக்கு (குஞ்சுப் புழு வளர்க்கும் அறை) ஒரு குழாய் லைன், பெரிய புழு மனைக்கு ஒன்று. முதல் பருவத்துக்கு 28 டிகிரி வேண்டும், ஐந்தாம் பருவத்துக்கு 24 போதும். ஆகவே அறைக்கொரு தெர்மோஸ்டாட், பம்புக்கொரு எட்டு பின் ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பம்பைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்), எல்லாவற்றுக்கும் சேர்த்து 24 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர்.

சாக்கி அறை சூடு கேட்டால் பெரிய மனை பம்பும் சேர்ந்து ஓடுகிறது. நேற்று ராத்திரி இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் அங்கே 30. புழுவெல்லாம் இலையை விட்டுவிட்டு ஸ்டாண்டு ஓரத்துக்கு நகர்கிறது. ஒயரிங் செய்த தம்பி, பாய்லர்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனவர், இப்போது போனை எடுப்பதில்லை.

பாலக்கோடு ஒயர்மேன்:
அண்ணா, பாய்லரில் ரூம் தெர்மோஸ்டாட்டுக்கு என்று இரண்டு பின் இருக்கும். அதில் மொத்தம் எத்தனை ஒயர் போகிறது?

தளி மல்பெரி:
நாலு. இரண்டிரண்டாக முறுக்கிச் சொருகி டேப் சுற்றியிருக்கிறது.

பாலக்கோடு ஒயர்மேன்:
அதுதாங்க வினை. இரண்டு தெர்மோஸ்டாட் லைனும் அந்த முறுக்கில் ஒன்றாகிவிட்டது. எது கேட்டாலும் இரண்டு ரிலே காயிலுக்கும் (உள்ளே சுவிட்சை இழுக்கும் கம்பிச்சுருள்) கரண்ட் போகிறது. அதோடு உங்கள் 24 வோல்ட் பாய்லர் போர்டுக்குள்ளும் போகிறது. போர்டு இன்னும் பிழைத்திருப்பது உங்கள் நல்ல நேரம். அந்த இரண்டு பின்னும் வெறும் சுவிட்ச் போலச் சேர்ந்து பிரிய வேண்டும், வெளிக் கரண்ட் ஏறக்கூடாது.

மெயினை ஆஃப் செய்து நாலையும் கழற்றுங்கள். எட்டு பின் ரிலேயில் 2, 7 காயில். 1-3 ஒரு சுவிட்ச் ஜோடி, 8-6 இன்னொரு ஜோடி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. தெர்மோஸ்டாட் அதனதன் காயிலுக்கு மட்டும். பம்பின் 230 வோல்ட் பேஸ் 1-3 வழியாக. இரண்டு ரிலேயின் 8-6 ஜோடியையும் பேரலலாகச் சேர்த்து பாய்லர் பின்னுக்குக் கொண்டுபோங்கள். எந்த அறை கேட்டாலும் பாய்லர் எரியும், பம்பு மட்டும் அதனதன் வேலையைப் பார்க்கும். பாய்லர் ஒயரைப் பம்பு ஒயரோடு ஒரே பைப்பில் இழுக்காதீர்கள்.

ஓசூர் மெயின்டனன்ஸ்:
பாலக்கோடு தம்பி சொன்னது சரி. அப்புறம், ஒவ்வொரு பம்புக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) இருக்கிறதா? இல்லையென்றால் நிற்கிற லைனிலும் சூடு தானாக மேலேறும். ஒயரிங்கைச் சரிசெய்துவிட்டு மறுபடி ரிலேயைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தளி மல்பெரி:
ஒயரை மாற்றியாச்சு. சாக்கி ரிலே டக்கென்று தனியாக விழுகிறது, பெரிய மனை பம்பு கம்மென்று கிடக்கிறது. ஆனால் ஓசூர் அண்ணன் சொன்ன மாதிரியே நிற்கிற லைன் குழாயில் கை வைத்தால் வெதுவெதுப்பு. நாளைக்கு ஓசூர் போய் இரண்டு வால்வு வாங்கி வருகிறேன். அதுவரை பெரிய மனை கேட் வால்வைக் கையால் மூடி வைத்திருக்கிறேன், இப்போது 25 காட்டுகிறது.